ஒன்பது முகவரிக்காரர்

அவரிடம் "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பவர் உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது. திருச்செந்தூர் ரயிலில் ஒருமுறை எதிர் இருக்கைக்காரர் சும்மா பேச்சுக்குக் கேட்டுவிட்டார். சார் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை. ஆனால் துறை இருக்கும் ஊரில் இல்லை. தூத்துக்குடியில் துறையின் களநிலையம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில் நடக்கிறது. கிட்டங்கிக்காரர் நல்ல மனிதர். சிப்பிகளை விட்டுப் பார்க்க ஆறுமுகநேரியில் ஒருவர் தம் உப்பளத் தொட்டியைக் கொடுத்தார், அவரும் நல்ல மனிதர். படகு கீழவைப்பாரில். ரயில் நாசரேத்தை நெருங்கியபோது எதிர் இருக்கைக்காரர், "அப்போ நிரந்தர வேலை இல்லன்னு சொல்லுங்க" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சார் நிரந்தர வேலையில்தான் இருந்தார். தற்காலிக வேலையில் இருந்தது நான். எழுபதுகளின் நடுவில் மூன்று வருஷம் அவருக்குத் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். வேதியியல் படித்தவள். காலையில் கடல்நீர் எடுத்துவந்து உப்பளவு, வெப்பம், கலங்கல் மூன்றையும் குறித்து வைப்பது என் வேலை. எனக்குப் பட்டியல் போடாமல் எதுவும் புரியாது. அவருக்குப் பட்டியலிலிருந்து யாரையும் விடத் தெரியாது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது, அதனால்தான் சண்டையும் வந்தது.

ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு சிப்பிக் கத்தி. எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் கையில் சிப்பி வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்கள் தங்கள் சாக்கைத்தான் முதலில் மோந்து பார்ப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்வார். நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம், அதில் புதிது ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய ஜெபத்தில் நெல் விளைந்த ஊர் வரும், எண்ணெய் ஆட்டிய செக்குக்காரர் வருவார், மீன் கொடுத்துவிட்ட கீழவைப்பார் சூசை வருவார், அந்த மீனைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிய பஸ் நடத்துநர் வருவார். நடத்துநரின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் வரும். நான் ஏரல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் பசித்தால் சாப்பிடுவோம். முதல் வாரத்தில் ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தேன். குழம்பின் மேல் எண்ணெய் உறைந்து கிடந்தது. பிறகு ஒருநாள் என் வீட்டு அரிசியில் கொஞ்சம் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ஜெபத்தில் எங்கள் ஊரும் என் அப்பாவும் எங்கள் வாய்க்காலும் வந்தார்கள். அதற்குப் பிறகு நான் நீளத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார்.

"என் கல்யாணப் பத்திரிகையில ஒரு சித்தப்பா பேரு விட்டுப்போச்சும்மா. அச்சாபீஸ்ல எடம் பத்தலன்னு எடுத்துட்டான். அவரு கல்யாணத்துக்கு வந்தாரு. வராம இருந்திருந்தா எல்லாரும் மறந்திருப்பாங்க. வந்து, பந்தியில உக்காராம, எதுத்தாப்ல கிளப்புக்கடையில போய்ச் சாப்ட்டுட்டு, பந்தல் வாசல்ல நின்னு அர மணி நேரம் பல்லு குத்துனாரு. ஊரே பாத்துச்சு. எங்க அப்பா கடைசியாப் படுக்கையில கெடக்கும்போதுகூட, 'அவன் நின்னு பல்லு குத்துனானே'ன்னுதான் சொன்னாரு."

எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போவது விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் பேச்சு நின்றுபோன குடும்பம் தெருவுக்கு ஒன்று இருக்கும். ஆனால் அந்தப் பயத்தை ஆய்விதழ் வரைக்கும் கொண்டுபோனவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ஆராய்ச்சிக் கட்டுரையில் தலைப்பு இருக்கும். அதன் கீழே எழுதியவர் பெயர். பெயருக்குக் கீழே அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்ற முகவரி. கட்டுரை அச்சாகி உலகம் சுற்றும்போது அது எந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கு அந்த முகவரி ஒன்றுதான் சாட்சி. சார் அந்த இடத்தைக் கல்யாணப் பத்திரிகையின் அடிப்பகுதி என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு கட்டுரைக்கும் யார் பெரிய உதவி செய்தார்களோ அவர்களுடைய இடம் அங்கே ஏறிவிடும்.

உப்பு ஏறிய நீரைச் சிப்பி எதுவரை தாங்கும் என்ற கட்டுரையின் வேலை ஆறுமுகநேரித் தொட்டியில் நடந்தது. அதனால் அந்தக் கட்டுரை "உப்பளத் தொட்டி ஆய்வகம், ஆறுமுகநேரி" என்று வெளிவந்தது. கீழவைப்பாரில் சூசையின் படகுக் கொட்டகையில் இரண்டு மாதம் தங்கி எழுதியது "முத்துச் சிப்பி ஆய்வு முகாம், கீழவைப்பார்" ஆனது. மஞ்சள் காமாலை வந்து மாமியார் வீட்டு மாடியில் மூன்று வாரம் படுத்திருந்தபோது ஒரு கட்டுரையை எழுதி முடித்தார். அதன் முகவரி "பெத்தேல் இல்லம், நாசரேத்து". பத்தியச் சாப்பாடு போட்டவரை எப்படி விடுவது?

ஆறுமுகநேரிக் கட்டுரை வெளிவந்த சில மாதத்தில் ஜப்பானிலிருந்து ஒரு முத்து ஆராய்ச்சிக்காரர், அதன் தனிப்படி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினார். கட்டுரையில் என்ன முகவரி இருந்ததோ அதற்குத்தான் எழுதினார். கடிதம் உப்பள அலுவலகத்துக்குப் போனது. அங்கே குமாஸ்தா, ஜப்பான் தபால்தலையைப் பார்த்ததும் ஏற்றுமதி வந்துவிட்டது என்று நினைத்து, எங்களிடம் இன்ன இன்ன ரக உப்பு உண்டு, டன் என்ன விலை, தூத்துக்குடியில் கப்பலேற்றித் தருவோம் என்று பதில் போட்டுவிட்டார். மாதிரிக்குக் கால் கிலோ உப்பும் அனுப்பினார். ஜப்பான்காரர் மறுபடி எழுதினார். மிக மரியாதையான கடிதம். உப்பு நன்றாக இருந்தது, இப்போதைக்குத் தேவைப்படவில்லை, சிப்பி பற்றிய கட்டுரை ஏதாவது இருந்தால் தயவுசெய்து அனுப்பவும்.

அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தபோது சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாத்தியாம்மா, நம்மால உப்பளத்து அண்ணாச்சிக்கு ஜப்பான்ல ஒரு தொடர்பு கெடச்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தூத்துக்குடிக் களநிலையத்தைத் தொடர்ந்து நடத்த வேண்டுமா, மூடிவிடலாமா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. இணைப்பில் ஒரு தாள்: களநிலையத்திலிருந்து இதுவரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள், இரண்டு.

அந்த நேரத்தில் துறைமுகத்துக்கு உள்ளே அலை அடங்கிய ஓரத்தில் எங்கள் மிதவை கட்டியிருந்தது. மிதவையின் கீழே கம்பிக் கூண்டுகளில் நானூறு சிப்பிகள் தொங்கின. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிறு மணியைச் சார் தன் கையால் வைத்திருந்தார். அதன்மேல் முத்துப் பூச்சு ஏறுகிறதா இல்லையா என்று தெரிய இன்னும் ஒன்றரை வருஷம் வேண்டும். அதுவரை மாதம் இரண்டு தடவை கூண்டுகளை மேலே எடுத்துக் கழுவாவிட்டால் பாசியும், கொட்டலசு என்கிற ஓட்டுப் பூச்சிகளும் அப்பிக்கொண்டு சிப்பிகள் மூச்சடைத்துச் செத்துப்போகும். நிலையத்தை மூடினால் கழுவ ஆளில்லை. என் வேலையும் போகும். அதை இங்கே இரண்டாவதாக எழுதுகிறேன். அன்றைக்கு முதலில் நினைத்தது அதைத்தான்.

சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டா? பதினாலு எழுதியிருக்கனே."

இரண்டு நாள் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எல்லாத் தனிப்படிகளையும் எடுத்து அடுக்கினேன். பதினான்கும் இருந்தன. ஒரு தாளில் கோடு போட்டு, ஒரு பக்கம் தலைப்பு, மறுபக்கம் முகவரி என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதினான்கு கட்டுரைக்கு ஒன்பது முகவரி. எங்கள் வாசல் பலகையில் இருந்த பெயர் இரண்டு கட்டுரையில் மட்டும் இருந்தது. நூலகத்தில் யாரோ ஒருவர் பலகைப் பெயரைத் தேடி அட்டைகளைப் புரட்டியிருக்கிறார், இரண்டு கிடைத்திருக்கிறது, எழுதிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. பெத்தேல் இல்லம் என்பது எங்கள் பல்கலைக்கழகம்தான் என்று அவருக்கு எந்தத் தேவதூதர் வந்து சொல்வார்?

பட்டியலைச் சார் மேசையில் வைத்தேன்.

"இதுல எது சார் நாம?"

"எல்லாம் நாமதான்."

"நமக்குத் தெரியும். படிக்கவங்களுக்கு?"

"ஏம்மா, சூசை கொட்டகையில உக்காந்து எழுதிட்டு, இங்க உக்காந்து எழுதுனேன்னு போட்டா பொய்யில்லையா?"

"எங்க உக்காந்தீங்கன்னு யாரும் கேக்கல சார். யாரோட ஆளு நீங்கன்னு கேக்காங்க. மேல எழுதுறது நன்றி சொல்லுறதுக்கு இல்ல, உங்களத் தேடி வாரதுக்கு. நன்றிக்குத்தான் கட்டுரை கடைசியில ஒரு பத்தி இருக்கே."

"கடைசியிலயா." அவர் முகத்தைச் சுளித்தார். "மத்தவங்க எல்லாம் கைகழுவினப் பொறவு கூப்ட்டு எலை போட்ட மாதிரி இருக்குமேம்மா."

குழு வந்தது. தலைவர் தாவரவியல் பேராசிரியர், வயதானவர், தூத்துக்குடி வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். இரண்டாமவர் பல்கலைக்கழக நிர்வாக அலுவலர், கையில் தடித்த கோப்பு. மூன்றாமவர் முன்னால் ஒரு தட்டு மக்ரூன் வைத்தோம். அவர் கடைசி வரை அதைத் தவிர வேறு எதிலும் தலையிடவில்லை.

என் பட்டியலையும் பதினான்கு தனிப்படிகளையும் வைத்தேன். இரண்டு பதினான்கு ஆகிவிட்டது, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அலுவலர் ஆறுமுகநேரிக் கட்டுரையை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஆறுமுகநேரியில தனியா ஒரு ஆய்வகம் இருக்கா?"

"தொட்டிங்க" என்றார் சார்.

"தொட்டியா, ஆய்வகமா?"

"தொட்டியிலதான் ஆய்வு."

"தொட்டி யாரோடது?"

"ஒரு உப்பள முதலாளியோடது. ரொம்ப நல்ல மனுசர்."

"சம்பளம் யார் கொடுத்தாங்க?"

"பல்கலைக்கழகந்தான்."

"ஆனா இந்தக் கட்டுரையில பல்கலைக்கழகம் பேரே இல்லையே. அப்போ எங்ககிட்ட சம்பளம் வாங்கிட்டு உப்புக் கம்பெனிக்கு ஆராய்ச்சி செஞ்சு கொடுத்திருக்கீங்க. நான் அப்படித்தான குறிப்பு எழுதணும்?"

சார் கையை நீட்டினார். அந்தக் கட்டுரையை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். கீழவைப்பார்க் கட்டுரையை எடுத்தார், நாசரேத்துக் கட்டுரையை எடுத்தார். மூன்றிலும் பல்கலைக்கழகம் இல்லை. நன்றி கெட்டவன் என்ற பெயர் வந்துவிடக்கூடாது என்றே வாழ்ந்த மனிதர் அவர். பஸ் நடத்துநர் முதல் எல்லாருக்கும் இடம் ஒதுக்கியதில், மாதா மாதம் சோறு போட்ட இடத்தை மறந்துபோயிருந்தார். அவர் பேனாவை எடுத்துத் திறந்து மூடி, திறந்து மூடி வைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

கடைசியில் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். உதவி செய்தவர்களை விடக்கூடாது என்றுதான், கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி. கோட்டுப் போட்ட பேராசிரியர் அதுவரை விசிறிக்கொண்டிருந்தவர், விசிறியை நிறுத்தினார். அவரும் தாமிரபரணிக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நல்லா இருக்குவே உம்ம பத்திரிகை. எல்லாச் சித்தப்பன் பேரும் இருக்கு. கல்யாண வீட்டுக்காரன் பேரு இல்ல."

மக்ரூன்காரர்கூடச் சிரித்தார். அலுவலர் சிரிக்கவில்லை. ஒன்பது முகவரியில் ஆறு, இந்த நிலையத்துக்கே சார் வேறு வேறு சமயத்தில் வைத்த பெயர்கள். கிட்டங்கிக்காரர் பெயரில் ஒன்று, மிதவைக்கு இடம் கொடுத்த துறைமுகத்தின் பெயரில் ஒன்று, இப்படி. எல்லாவற்றிலும் பல்கலைக்கழகமும் எங்காவது ஒரு மூலையில் இருந்தது, அதனால் அவற்றுக்கு என் பட்டியல் போதும் என்றார். மீதி மூன்றும் அடுத்தவர் இடம். அந்த மூன்று இடத்தாரும் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தங்களுடையது ஆராய்ச்சி நிறுவனம் இல்லை என்று. இனி எழுதப்போகும் முகவரி எது என்பதையும் சார் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வராவிட்டால் நிலையத்தை மூடப் பரிந்துரை.

அவர்கள் போன பிறகு சார் சொன்னார், "கூப்ட்டு உக்கார வச்சவங்கள நானே போய் எந்திரிங்கன்னு சொல்லணும்."

"நானும் வாரேன் சார்" என்றேன். தனியாக விட்டால் கேட்க வந்ததைக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார் என்று தெரியும்.

முதலில் கீழவைப்பார். சூசை சங்கு குளிப்பவர், முன்பு முத்துக் குளித்தவர். கொட்டகையில் வலைகளை ஒதுக்கி எங்களை உட்கார வைத்தார். சார் பத்து நிமிஷம் மழையைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் பேசினார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"கொட்டக ஆராய்ச்சி நிலையம் இல்லன்னு எழுதணுமா?" சூசை கூரையைப் பார்த்தார். "பாத்தாலே தெரியுதுல்லா. அத எதுக்கு எழுதணும்?"

குசினியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நல்லா எழுதிக் குடுங்க. ஊர்ல போய் 'எங்க ஆராய்ச்சி, எங்க ஆராய்ச்சி'ன்னுல்லா சொல்லிட்டுத் திரியுதாரு. வல கிழிஞ்சு கெடக்கு, தைக்க ஆளக் காணும்."

"நீ மீனப் பாரு" என்றார் சூசை. பிறகு சார் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சார். இங்க ஆராய்ச்சியே நடக்கலன்னு எழுத மாட்டேன். ரெண்டு மாசம் நானுந்தான முங்கிச் சிப்பி எடுத்துத் தந்தேன். நடந்தத நடக்கலன்னு எப்பிடிச் சொல்ல?"

சார் என்னைப் பார்த்தார். அவருக்கும் அதுதான் நெஞ்சில் இருந்தது. நான் கொண்டுபோயிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, மடியில் நோட்டை வைத்துப் புதிதாக எழுதினேன்: இங்கே நடந்த ஆராய்ச்சி பல்கலைக்கழகக் களநிலையத்தின் ஆராய்ச்சி. இடம் மட்டும் என்னுடையது. சூசை இரண்டு தடவை படித்தார். "இது சரி. இதுல பொய் இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினோம்.

நாசரேத்தில் மாமியார் மாடிப்படியின் கீழேயே எங்களை நிறுத்தினார். வெள்ளைச் சேலை, கண்ணாடி, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அதட்டிய குரல்.

"மாப்ளே, தபால்காரன் என்ன டைரக்டர் அம்மான்னு கூப்டுதான். ஏன் தெரியுமா? 'டைரக்டர், பெத்தேல் இல்லம்'னு போட்டு வெளிநாட்டுல இருந்து மாசம் ரெண்டு கடுதாசி வருது."

"அத்தை, அதெல்லாம் எங்க?"

"தபால்தலைய எடுத்துட்டு, மத்தத அடுப்புல போட்டேன். எனக்கென்ன தெரியும், பூராவும் சிப்பி சிப்பின்னு எழுதியிருந்தான்."

சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வந்த பாராட்டெல்லாம் அந்த அடுப்பில் போயிருந்தது. மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, நீ எந்தூரு?"

"ஏரல் பக்கம்மா."

"எழுதுனத வாசி." வாசித்தேன். "நல்ல கையெழுத்து. இவருக்குப் பேனாவக் குடுக்காத, நீயே எழுது." கையெழுத்துப் போட்டார். கீழே தம் கையாலேயே ஒரு வரியும் சேர்த்தார்: மாடி அறை இப்போதும் காலியாக உள்ளது. வாடகைக்கு விடப்படும்.

அதை அடிக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அப்படியே குழுவுக்குப் போனது.

ஆறுமுகநேரிதான் கடினம் என்று முதலிலேயே தெரியும். போய் இறங்கியதும் இன்னும் தெரிந்தது. உப்பள வாசலில் புதிய தகரப் பலகை. "கடல் சிப்பி ஆய்வகம். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது." தொட்டியில் சிப்பி இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணாச்சி தாளைப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். பதநீர் வந்தது. சார் குடித்தார். மறுபடி வந்தது. மறுபடியும் குடித்தார்.

"என்ன சார், கூப்ட்டு வச்சு எறக்கி விடுதீய. இந்தப் பலகையப் பாத்துட்டுத்தான் ஆபீசருங்க எங்கிட்ட மரியாதையாப் பேசுதாங்க. என் தங்கச்சி மவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல 'எங்களுக்கு ஆய்வகம் இருக்கு'ன்னு சொல்லியிருக்கேன்."

"பலகை இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். "உங்க வாசல், உங்க பலகை. கட்டுரையில மட்டும்..."

"கட்டுரையிலதாம்மா எனக்கு வேணும். பலகைய நானே எழுதிக்கிடுவேன். அது அச்சுல வந்ததுல்லா?"

சார் மூன்றாவது கிண்ணத்தைக் கீழே வைத்தார். எப்போதும் சுற்றிச் சுற்றிப் பேசுபவர், அன்று நேராகப் பேசினார்.

"அண்ணாச்சி, நீங்க கையெழுத்துப் போடலன்னா நெலையத்த மூடிருவாங்க. கூண்டு கழுவ ஆளு இருக்காது. நானூறு சிப்பி செத்துரும். நீங்க தொட்டி தரலன்னா அந்தச் சிப்பிய எந்தத் தண்ணியில வளக்கணும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு மரியாத பண்ணணும்னு நெனச்சு, உங்க பேரப் போடக்கூடாத எடத்துல போட்டுட்டேன். தப்பு எம்மேல."

அண்ணாச்சி கவிழ்த்து வைத்த தாளைப் பக்கத்தில் இழுத்தார்.

"சாவுற காரியத்த மொதல்ல சொல்ல வேண்டாமா? மூணு பதநி குடிச்சப் பொறவா சொல்லுவீய." தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அப்போ இனி என் பேரு எங்க வரும்?"

"கடைசியில நன்றின்னு ஒரு பத்தி இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"எத்தன பேரு?"

"மூணு எடம்."

"நான் எத்தனாவது?"

சாரின் முகம் வெளுத்தது. சூசையை இரண்டாவதாகப் போடுவதா, மாமியாரையா?

"ஊர்ப்பேரு அகர வரிசையில போடுவோம்" என்றேன். "ஆறுமுகநேரி, கீழவைப்பார், நாசரேத்து."

அண்ணாச்சி விரல் விட்டுப் பார்த்தார். "ஆவன்னாவுக்கு முன்னால ஒரு எழுத்து இருக்கே."

"இருக்கு. ஆனா அந்த எழுத்துல நமக்கு ஊர் இல்ல."

பேனா திரும்பி வந்தது.

ஊர் திரும்பியதும் முகவரியைத் தட்டச்சு செய்தேன். நாலு வரி: கடல் உயிரியல் களநிலையம், விலங்கியல் துறை, பல்கலைக்கழகத்தின் பெயர், தூத்துக்குடி. சார் எந்த ஊரில், யார் வீட்டில், எந்தக் காய்ச்சலில் படுத்து எழுதினாலும் இந்த நாலு வரி. ஒரு சொல் கூடாது, குறையாது, முன்பின் மாறாது. ஊர் மாறியிருந்தால் இப்போதைய முகவரி அடிக்குறிப்பில். சார் கையெழுத்துப் போட எடுத்த நேரம் ஒரு முழுக் காலை. "வெறிச்சோடிக் கெடக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். மூன்று கடிதங்களையும் சேர்த்து அனுப்பினோம். அடுத்த கட்டுரையின் நன்றிப் பத்தியில் பஸ் நடத்துநர் வரைக்கும் வந்துவிட்டார். ஆய்விதழ்க்காரர்கள் அதைச் சுருக்கித் தரும்படி எழுதினார்கள். அந்தத் தகராறு தனிக் கதை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு வாரம் சத்தமே இல்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் சார் ஏதாவது ஒரு காரணம் சொல்லி வாசலுக்குப் போவார். நான் காரணம் சொல்லாமலே போவேன்.

உத்தரவு ஒரே பக்கம். இரண்டு வருஷ நீட்டிப்பு, உதவியாளர் பணியிடம் உட்பட. சார் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பொருள் என்ற இடத்தில் "கடல் உயிரியல் களநிலையம்" என்று இருந்தது. முதல் பத்தியில் "கடற்கரை ஆய்வகம்" என்று இருந்தது. இனி எல்லா ஆய்வுக் கட்டுரைகளிலும் நிறுவனத்தின் பெயரை ஒரே மாதிரியாக எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்த கடைசிப் பத்தியில் "தூத்துக்குடி முத்துச் சிப்பி மையம்" என்று இருந்தது.

நான் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினேன். மேற்படி உத்தரவில் நீட்டிப்பு எந்தப் பெயருக்கு வழங்கப்பட்டுள்ளது என்பதைத் தெளிவுபடுத்துமாறு, என்று முதல் வரி அடித்தேன். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் சிப்பி வாடை அடித்தது. சார் வந்து எழுத்துக்கட்டைகளின் மேல் கையை வைத்தார்.

"என்னம்மா அடிக்க?"

"இதுல எது நாமன்னு கேட்டு எழுதுதேன் சார்."

"கேக்காத. கேட்டா உக்காந்து யோசிப்பாங்க."

அவர் கையை எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. தாளை உருவிக் கசக்கிக் கூடையில் போட்டேன். அவர் தூரிகைகளை வாளியில் அள்ளிக்கொண்டு மிதவைக்குக் கிளம்பினார். அன்று கூண்டு கழுவும் நாள்.